ஈரோட்டு போர் தண்ணிக்கு ஃபிரண்ட் லோடு சோப்பு: பவுடரா, லிக்விடா?

உங்க ஊட்டு வாஷிங் மிஷினுக்கு ஆத்துத் தண்ணி வருதுன்னா இந்த விமர்சனத்துல பாதி உங்களுக்குத் தேவைப்படாதுங்க. நாங்க இருக்கறது ஈரோடு, பெருந்துறை ரோட்டுப் பக்கம், வாடகை வீடு. ஊராட்சிக்கோட்டையில இருந்து மாநகராட்சிக் குழாய்ல வர்ற காவேரித் தண்ணி குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும். மொட்டை மாடி டேங்க்குக்கு ஏறறது போர் தண்ணி. மிஷினுக்கு லைன் அந்த டேங்க்ல இருந்துதான். பைப்பை மாத்த ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறார்.

அந்தத் தண்ணி லட்சணத்தைச் சொல்லோணும்னா, குழாய் முனையில வெள்ளையா உப்புக் கட்டி நிக்கும், பக்கெட்டுல சோப்பு திரிஞ்சு ஏடு கட்டி மிதக்கும். என்ற தங்கச்சி ஊட்டுக்காரர் திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை. ஒருக்கா வந்தப்ப பட்டறையில தண்ணி பாக்கற கிட்டைக் கொண்டாந்து சோதிச்சார். கடினத்தன்மை, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு மாதிரி உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டிருச்சு. குடிதண்ணிக்கான இந்தியத் தரத்துலயே 200-க்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 600 வரைக்கும் போகலாம்னுதான் இருக்குது. "தண்ணியப் பாக்காம நாங்க சாயமே கரைக்க மாட்டமுங்க, நீங்க சோப்பு வெலைய மட்டும் பாத்து வாங்கறீங்க"ன்னு சிரிச்சார். அதுக்கப்புறந்தான் நான் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க ஆரம்பிச்சது.

மிஷினைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. முன்பக்கம் கதவு வெச்ச ஃபிரண்ட் லோடு. 8 கிலோ, 1200 சுத்து, உள்ளயே ஹீட்டர். பிழிஞ்சு தர்றது அருமை, ஐப்பசி மழையிலயும் துணி வீட்டுக்குள்ளயே காஞ்சுருது. தண்ணியும் கம்மியாத்தான் குடிக்குது.

அந்தக் கம்மித் தண்ணிதான் எங்க அத்தைக்குச் சந்தேகம். ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிக் கதவு முன்னாடி உக்காந்துக்குவாங்க. "நுரையே காணோமே அம்மிணி, வெறுந்தண்ணியிலயா தொவைக்குது?" அவங்க தொவைகல்லுல அடிச்சுத் தொவைச்ச கை, நுரை வந்தாத்தான் சோப்புன்னு நம்பறவங்க. "ஏனுங்கத்தை, இந்த மிஷினும் அடிச்சுத்தானுங்க தொவைக்குது"ன்னு சொன்னேன். டிரம் துணியைத் தூக்கித் தூக்கிக் கீழ போடும், அந்த அடியிலதான் அழுக்குக் கழலும். நுரை பொங்கினா மெத்தை போட்ட மாதிரி துணி அதும்மேல விழும், அடியே படாது. அதனாலதான் ஃபிரண்ட் லோடு சோப்புல நுரையை அடக்கற சரக்கைச் சேர்க்கறாங்க.

கடையில கேட்டா "மிஷின் சோப்புன்னு காட்ட மேட்டிக்னு போட்டிருந்தாப் போதும், ஃபிரண்ட் லோடு, மேல கதவு வெச்ச டாப் லோடு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க"ம்பாங்க. ஒண்ணு இல்லீங்க. அவிநாசியில தங்கச்சி ஊட்டுல ஃபிரண்ட் லோடு மிஷினுக்கு டாப் லோடு பாக்கெட்டைத்தான் போட்டுட்டிருந்தா. அங்க ஆத்துத் தண்ணி, நுரைக்குக் கேக்கணுமா? சோப்புப் பெட்டி வழியா வெளிய பொங்கி, மிஷின் பாதியில நின்னு, நுரை அடங்கற வரைக்கும் காத்துக்கிட்டு, மறுபடியும் மறுபடியும் அலசி, முக்கால் மணி நேர வேலை ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. எங்க போர் தண்ணியில அந்தளவு பொங்காது. அதுக்காகப் பழைய டாப் லோடு பாக்கெட்டையே போடலாம்னு அர்த்தமில்லை. நுரை மேல வரலையே தவிர, அளவு கூடுனா சோப்பு துணியிலயேதான் தங்கும்.

சர்ஃப் எக்ஸெல், ஏரியல் ரெண்டுலயுமே ஃபிரண்ட் லோடுக்குன்னு தனியாப் பவுடரும் உண்டு, லிக்விடும் உண்டு. கம்பெனியை மாத்திப் பாத்ததுல எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலை. பவுடருக்கும் லிக்விடுக்கும் நடுவுலதான் வித்தியாசம். பவுடர்ல சலவை சோடா இருக்கும், தண்ணியில இருக்கற சுண்ணாம்பைப் புடிச்சு வெச்சுக்கற சரக்கும் இருக்கும். பல பவுடர்கள்ல ஆக்ஸிஜன் பிளீச்சும் சேர்த்திருப்பாங்க, அது சூட்டுலதான் நல்லா வேலை செய்யும். லிக்விடுல அந்த பிளீச் பொதுவா இருக்காது. அதனால வேட்டி, வெள்ளைச் சட்டை, ஸ்கூல் யூனிபார்ம் இதுக்கெல்லாம் எங்க தண்ணியில பவுடர்தான், 40 டிகிரி. லிக்விடுல மாசக்கணக்காத் தொவைச்ச வெள்ளைத்துணி பழுப்படிச்சு நின்னுச்சு. கலர் சுடிதார், கறுப்புப் பேண்ட் இதுக்கு லிக்விட். பச்சைத்தண்ணியில பவுடர் போட்டா கறுப்புத் துணியில வெள்ளைக் கோடு கோடா ஒட்டிக்குது, லிக்விடுல அந்தத் தொல்லை இல்லை, சாயமும் சீக்கிரம் மங்கறதில்லை.

இனி மஞ்சக்கறை. எங்கூட்டுக்காரர் மஞ்ச மண்டியில கணக்கு எழுதறார். விரலி, கிழங்குன்னு சாம்பிளை அள்ளி அள்ளிப் பாக்கற எடம். சாயங்காலம் வந்தா வேட்டி மடிப்பு, சட்டைக் கையெல்லாம் பொடி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, எங்கூட்டு வேட்டிக்கு அது அதுக்கு முன்னாடியே கிடைச்சுருச்சு. ஈர வேட்டியில பவுடர் பட்ட எடம் ரத்தமாட்டச் செவக்கும். மஞ்சள்ல இருக்கற குர்குமின் காரம் பட்டா நெறம் மாறும், அவ்வளவுதான், அலசுனா திரும்ப மஞ்சளாயிரும். துணி வீணாப் போச்சுன்னு பயப்பட வேண்டாம். ஆனா அந்தக் கறையை முழுசா எடுக்கற சோப்பை நான் இன்னும் பாக்கலை. நனைக்கறதுக்கு முன்னாடி வெளிய வெச்சு நல்லா உதறோணும். அப்புறம் பவுடர்ல ஒரு தொவை. வெளிய எடுக்கறப்ப வெளிர் மஞ்சளா ஒரு தீத்தல் மிச்சமிருக்கும். அதை ஈரத்தோட மொட்டை மாடிக் கொடியில, கறை வெயிலைப் பாக்கற மாதிரி போட்டா, பங்குனி வெயில்ல சாயங்காலத்துக்குள்ள வெளுத்துரும். பாக்கெட் மேல என்ன எழுதியிருந்தாலும் குர்குமினுக்கு எதிரி வெயில்தான். வெயில்ல போடுன்னு அத்தை சொன்னதுதான் இதுல ஜெயிச்சுது.

அளவு விஷயத்துல பாக்கெட்டுல போட்டிருக்கறதை அப்படியே எடுத்துக்காதீங்க. உப்புத்தண்ணிக்குக் கொஞ்சம் கூட வேணும், ஆத்துத் தண்ணிக்கு அதுலயும் கம்மி போதும். சந்தேகம்னா, தொவைச்ச துண்டை சோப்பே போடாம மறுபடி ஓட விட்டுக் கண்ணாடியில பாருங்க. நுரை கட்டுச்சுன்னா நீங்க அதிகம் போடறீங்க. லிக்விட் ஊத்தறவங்க சோப்புப் பெட்டியில லிக்விடுக்குன்னு இருக்கற தடுப்பை எறக்கி வெக்கோணும், இல்லாட்டி நேரங்கழிச்சு ஓடற மாதிரி வெச்சா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் வடிஞ்சு கீழ போயிரும். கேப்சூல் மாதிரி வர்றது ஒருக்கா வாங்குனேன். வெலை அதிகம், பாதி லோடுக்கு அதைப் பாதியா வெட்டவும் முடியாது. எங்களுக்கு ஆகாது.

ஹீட்டர்ல உப்புப் படியறதுக்கு எந்த சோப்பும் முழு வைத்தியம் இல்லை. தண்ணி சூடாக ஆகத்தான் உப்பு அதிகம் படியும், அதனால தெனமும் 60 டிகிரி வெக்கறதில்லை. இன்லெட்ல மாட்டற ஃபில்டரும் போட்டுப் பாத்தேன், அது படியறதைக் கொஞ்சம் தள்ளிப் போடும், தண்ணியை ஆத்துத் தண்ணியாக்காது. மாசம் ஒருக்கா துணி இல்லாம, எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) போட்டு 60 டிகிரியில ஓட்டிடறேன். அன்னைக்குப் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது, ரெண்டும் சேர்ந்தா விஷவாயு கிளம்பும். தொவைச்சு முடிஞ்சதும் கதவு ரப்பர் மடிப்பைத் துடைச்சு, கதவைச் சாத்தாம விடறோம். அந்த மடிப்புலதான் கறுப்பா பூசணம் புடிக்குது, எங்கூட்டுக்காரர் சில்லறையும் அங்கதான் கெடைக்குது.

மாசச் சாமான் சீட்டுல இப்ப ஃபிரண்ட் லோடு பவுடர் 2 கிலோ, லிக்விட் சின்னப் பாக்கெட் ஒண்ணு, எலுமிச்சை உப்பு கால் கிலோ. வாசனைக்கு ஊத்தற சாஃப்ட்னரை அடிச்சு விட்டாச்சுங்க, அது போட்டதுல இருந்து துண்டு ஈரத்தை இழுக்கவே மாட்டேன்னு அடம்புடிச்சுது.