ரீகனா, லெவெக்கா?
திருநெல்வேலி வானொலியைக் கேட்டு வளர்ந்து, பாளையங்கோட்டைக் கல்லூரி மேடைகளில் பேசப் பழகும் மாணவருக்கு, ஒலிபரப்பிலிருந்து அரசியலுக்கு வந்த இவ்விருவரில் ரெனே லெவெக்கையே பேச்சுக்கு முன்மாதிரியாக நான் பரிந்துரைப்பேன். ரொனால்ட் ரீகன் 1930களில் அயோவா வானொலியில், தந்தியில் வந்த சுருக்கக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, தாம் காணாத பேஸ்பால் ஆட்டத்தைக் கண்முன் நடப்பதுபோல் வருணித்தவர். 1981இல் அமெரிக்க அதிபரானார். அந்த வருணனைத் திறம் வியப்புக்குரியதே. ஆனால் வருணனைக்கு நம் மேடைகளில் என்றுமே பஞ்சமில்லை. கனடாவின் லெவெக்கோ 1951இல் கொரியப் போரை நேரில் கண்டு செய்தி தந்தவர், கரகரத்த குரலுடையவர். பின்னர் அந்நாட்டின் கியூபெக் மாகாண அமைச்சராகி, தனியார் மின் நிறுவனங்களை அரசுடைமையாக்குவதன் தேவையைப் பாமரருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்து, 1962 தேர்தலில் தம் கட்சியின் வெற்றிக்குத் துணைநின்றார். 1976இல் அம்மாகாண முதல்வரானார்.