மாடி ஒழுகலுக்குப் பூச்சு அடிக்க ஆள் வைக்கும் முன்: நாங்கள் ஏமாந்த விதம்

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒழுகுகிறது என்று ஆள் வைத்து நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம்; ஓராண்டு முடிவதற்குள் படுக்கையறைக் கூரையின் காரை பெயர்ந்து விழுந்தது. இதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மழை விட்ட மறுநாள் கூரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் மாடியில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. தளத்தின் நடுவே ஓடிய மயிரிழை விரிசலைக் காட்டி, "இதுதான் காரணம், ரெண்டு கோட் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்றார். உத்தரவாதம் எழுத்தில் தருவதாகச் சொன்னதால் நம்பினோம். முதல் நாள் இரவு தூறல் விழுந்து தளம் இன்னும் கருத்திருந்த காலை வேளையில், தென்னந்துடைப்பத்தால் ஒரு முறை கூட்டிவிட்டு, அவருடைய ஆட்கள் பூசத் தொடங்கினார்கள். டின்னில் அச்சிட்டிருந்த பரப்பளவுக் கணக்குப்படி எங்கள் தளத்துக்கு இரண்டு டின் தேவை. வந்தது ஒன்று, மீதிக்குத் தண்ணீர் கலந்தார்கள். நான் கேட்டதற்கு, அப்படிக் கலந்தால்தான் துவாரங்களுக்குள் இறங்கும் என்று பதில் வந்தது. முதற்பூச்சை நீர்க்கச் செய்து அடிப்பது உண்டுதான். ஆனால் மேற்பூச்சு காய்ந்தபின் எவ்வளவு தடிமன் நிற்கிறதோ அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வெயில் ஏறிய சில வாரங்களில் தளமெங்கும் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளிருந்து இளஞ்சூடான தண்ணீர் வழிந்தது. உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் முழுவதும் சாம்பல் நிறத் தூளும் காய்ந்த பாசியும் அப்பியிருந்தன. அந்தப் பூச்சு கான்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை, அழுக்கைத்தான் பிடித்திருந்தது. ஈரத்தின் மேல் பூசினால், அடியில் அகப்பட்ட நீர் வெயிலில் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பூச்சையே மேலே தள்ளிவிடுகிறது.

அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகியது. புகார் சொன்னதும் அவர் வந்து செய்த காரியத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை: அறைக்குள் கூரையின் அடிப்புறத்தில் ஈரம் புகாத வண்ணத்தைப் பூசி, கறையை மறைத்துவிட்டுப் போனார். மேலிருந்து நீர் இறங்குவது நிற்காத நிலையில், கீழே சொட்டி வந்த நீரும் தளத்துக்குள்ளேயே தங்கியது. அந்த ஈரத்தில் தளத்துக்குள் இருந்த கம்பி துருப்பிடித்தது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் சில மடங்கு பெருகும்; அந்த நெருக்கத்தைத் தாங்காமல் கான்கிரீட் வெடிக்கும். எட்டு மாதம் கழித்து, கட்டிலின் தலைமாட்டில் ஒரு சாண் நீளக் காரைத் துண்டு விழுந்து கிடந்தது. மேலே பார்த்தால் கம்பி செம்பழுப்பாகத் தெரிந்தது. அன்று அங்கே யாரும் படுத்திருக்கவில்லை.

உத்தரவாதத் தாளை அப்போதுதான் முழுதாகப் படித்தோம். பூச்சு தானாக உரிந்தால் மட்டுமே பொறுப்பு; கட்டட அசைவால் வரும் விரிசல், தேங்கும் நீர், காரைச் சேதம் எதுவும் அதில் அடங்காது. டின்னுக்கு ரசீதும் இல்லாததால் தயாரிப்பு நிறுவனத்திடம் போகவும் வழியில்லை.

பிறகு பார்த்த பொறியாளர் நடு விரிசல் முக்கியக் காரணமே இல்லை என்றார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும்தான் நீர் இறங்கியிருந்தது. சுவரும் தளமும் வெப்பத்தில் வெவ்வேறு விதமாக அசைவதால், செங்கோண மூலையில் வெறும் பூச்சு நிற்காது. அந்த இடத்தைச் சுரண்டி, பாலிமர் கலந்த சாந்தால் சரிவாக வளைத்து, வலைத்துணி பதித்து, பூச்சைச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. உயரம் ஏற்ற வேண்டும். விரிசலையும் வி வடிவில் வெட்டித் திறந்துதான் அடைக்க வேண்டும். வாட்டம், அதாவது நீர் குழாயை நோக்கி வழிந்தோடும் சரிவு, மீட்டருக்கு 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்றார். எங்கள் தளத்தில் ஒரு மூலையில் நாள்கணக்கில் குட்டையாகத் தேங்கியது. அக்ரிலிக் பூச்சு நின்ற நீரில் நாளடைவில் இளகிவிடும் என்பதால், முதலில் வாட்டத்தைச் சரிசெய்து, பிறகு ரப்பர்போல் இழுபடும் பாலியூரித்தேன் பூச்சை அடிக்கச் சொன்னார். (குளியலறைக்கும் நிலத்தடிச் சுவருக்கும் முறை வேறு, ஒரே டின்னை எல்லாவற்றுக்கும் சிபாரிசு செய்பவரை நம்பாதீர்கள்.)

இரண்டாவது முறை ஒவ்வொரு கட்டத்தையும் நான் உடனிருந்து பார்த்தேன். துருவேறிய கம்பியைச் சுத்தம் செய்து காரையைச் சீரமைத்தார்கள். பூசுவதற்கு முன், தளத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விட்டு, அடியில் வியர்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டோம். பூச்சு முழுதும் இறுகிய பின் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தினோம். அது முடிந்து, கூரையின் அடிப்புறத்தை ஏணியில் ஏறிக் கையால் தடவிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தேன்.