கத்திரி வெயிலில் பாப்பாவுக்கு ஹெல்மெட்: கழற்றி ஒரு வருஷம் ஆன பிறகு

தட்டையாகிப்போன தலையைச் சரிசெய்வதற்காக என் பெண்ணுக்கு மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலை நன்றாக இருக்கிறது. விஷயம் தெரியாதவர்கள் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதில் பாதிக்கு மேல் கோபம்தான்.

பண்ருட்டியில் இருக்கிற என் சித்தி பெண் கேட்டதால் எழுதுகிறேன். அவள் பையனுக்கு ஐந்து மாதம். பின்மண்டை ஒரு பக்கம் தட்டை. ஸ்கேன் எடுத்த இடத்தில் "இப்பவே போட்டாதான் பலன், லேட்டானா கஷ்டம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, நீதான் போட்டுப் பாத்தவ. போடலாமா வேணாமான்னு மட்டும் சொல்லு" என்கிறாள். போனில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை.

எங்கள் கதை இது. பெண் மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். கழுத்தில் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தது, அதனால் எப்போது படுக்க வைத்தாலும் வலது பக்கமே திரும்பிக்கொள்வாள். மூன்றாம் மாதத்தில் வலது பின்தலை தட்டையாகி, வலது காது முன்னால் தள்ளி, உச்சியிலிருந்து பார்த்தால் தலை பள்ளிக்கூடக் கணக்கில் வரும் இணைகரம் மாதிரி தெரிந்தது. மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளவில்லை என்பதை மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார். அப்படி மூடியிருந்தால் அது வேறு பிரச்சினை, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரை போகும். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஹெல்மெட் எழுதிக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பிசியோதெரபி செய்தோம். விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டோம், கிலுகிலுப்பையை எப்போதும் இடது பக்கமே ஆட்டினோம். கழுத்து சரியாகிவிட்டது, தட்டை அப்படியே இருந்தது. மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கத்துக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆறாம் மாதம் சென்னையில் அளவெடுத்து, சித்திரை பிறந்த கையோடு மாட்டினோம்.

சித்திரையில் மாட்டினோம் என்பதுதான் இந்தப் பதிவின் சாரம்.

வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே நுரை, பக்கவாட்டில் திறப்பு, அதை இழுத்து ஒட்டும் வெல்க்ரோ பட்டை. பலர் நினைப்பது மாதிரி இது தலையை அமுக்குவதில்லை. புடைத்த பக்கத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், தட்டையான பக்கத்தில் இடைவெளி விட்டிருக்கும். வளர்கிற தலை அந்த இடைவெளிக்குள் போகும். பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச்சுற்றளவு ஆறு மாதத்தில் 43 அளவுக்கு வந்துவிடும், அதற்கப்புறம் ஒரு வயது வரை மூன்று சென்டிமீட்டர் போலத்தான் கூடும். சீக்கிரம் போடச் சொல்வதற்கு அதுதான் காரணம். அதில் பொய் இல்லை.

ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். குளிக்கவும் துடைக்கவும் ஒரு மணி நேரம்.

கடலூரில் மே மாதம் இருந்திருக்கிறீர்களா? வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் புழுக்கம்தான் கொடுமை. காலை எட்டு மணிக்கே கழுத்தில் பிசுபிசுப்பு தொடங்கிவிடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று இறங்கினால் கொஞ்சம் மூச்சு வரும், மேற்கிலிருந்து வரும் அனல் காற்று அன்றைக்கு ஜெயித்துவிட்டால் அதுவும் கிடையாது. எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். படுக்கையறையில் ஏசி இருக்கிறது. கரண்ட் போனால் அது வெறும் பெட்டி, இன்வெர்ட்டர் இரண்டு ஃபேனைத்தான் இழுக்கும். பெரியவர்களே துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் ஊரில், ஒரு கைக்குழந்தையின் தலையைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியிருந்தோம்.

கிளினிக்கில் கொடுத்த தாளில் "முதல் இரண்டு வாரம் வியர்க்கும், பிறகு உடல் பழகிக்கொள்ளும்" என்று இருந்தது. குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து யாரோ எழுதிய வரி அது. இங்கே பழகவில்லை. நீங்கள் எந்த ஊர், வீடு எப்படி, கரண்ட் எவ்வளவு நேரம் போகும் என்று அங்கே ஒருவர்கூட எங்களைக் கேட்கவில்லை. பணம் கட்டிய அன்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? காற்றுத் துளைகள் போட்டுத் தர முடியுமா என்று நாங்கள் கேட்டதற்கு, இந்த மாடலில் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். துளை வைத்த ஹெல்மெட்டுகளும் இருக்கின்றன என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வியர்வையைவிட என்னை அதிகம் படுத்தியது வாடை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பட்டையைப் பிரிப்பேன். வெல்க்ரோ கிழிகிற அந்தச் சத்தம் கேட்டதும் பாப்பா தானாகவே தலையை முன்னால் நீட்டுவாள், அப்படி ஒரு ஏக்கம் அவளுக்கு. கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு புளித்த வாடை வரும். முடி ஈரமாக மண்டையோடு ஒட்டிக் கிடக்கும். அவளைக் குளிப்பாட்ட அத்தையிடம் கொடுத்துவிட்டு, நான் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். நுரை அதிகம் ஈரம் குடிக்காது, துடைத்தால் போய்விடும் என்றார்கள். புதிதாக இருந்தவரை உண்மைதான். ஆனால் ஒவ்வொரு செக்கப்பிலும் தலை வளர இடம் கொடுப்பதற்காக உள்பக்கத்தை மெஷினில் தேய்த்துத் தருவார்கள். தேய்த்த இடம் சொரசொரப்பாகிவிடும். வாடை முழுக்க அங்கேதான் போய் உட்கார்ந்தது. பஞ்சு நார்நாராக அதில் சிக்கிக்கொள்ளும், பிரஷ் போட்டால்தான் வரும். அப்புறம் ஃபேனுக்கு அடியில் கவிழ்த்து வைத்து, ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தோல் வெந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் காய்வதற்கே அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

வேர்க்குருவும் வந்தது, காதுக்கு மேலே வரிசையாக. கழற்றியபின் தெரியும் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் பரவாயில்லை, மறையவில்லை என்றால் கூப்பிடுங்கள் என்பது விதி. வேர்க்குருவின் சிவப்பு எது, ஹெல்மெட் உரசிய சிவப்பு எது என்று பிரித்துச் சொல்ல அந்த விதியில் வழி இல்லை. காய்ச்சல் அடித்தால் கழற்றிவிட வேண்டும். பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது. அத்தைக்கு அதுதான் பெரிய வருத்தம். உச்சியில் எண்ணெய் வைக்காமல் ஒரு குழந்தையை வளர்ப்பதா என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார்கள். ஏணையையும் அவிழ்த்துவிட்டோம். ஹெல்மெட்டோடு துணிக்குள் படுத்தால் பின்னால் உயர்ந்து, கழுத்து முன்பக்கம் மடங்கியது, தாடை நெஞ்சில் இடித்தது. மூச்சு விஷயத்தில் விளையாட முடியாது.

எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று இருக்கிறது. அந்த மாதங்களில் என் குழந்தையை நான் உச்சி முகர்ந்து பார்க்கவே இல்லை. தோளில் சாய்த்துக்கொண்டால் கன்னத்தில் இடிப்பது பிளாஸ்டிக். முத்தம் வைத்தால் ஸ்பிரிட் நெடி. பால் கொடுக்கும்போது தலையைக் கோதிவிட முடியாது. ஆறாம் மாதத்திலிருந்து பதினொன்றாம் மாதம் வரைக்கும் என்பது, ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சுவதற்கான காலத்தில் சரிபாதி.

சில்வர் பீச்சில் "தலையில அடிபட்டுடுச்சா?" என்று கேட்டவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அக்கறையில் கேட்டார்கள், பதில் சொன்னோம்.

நிம்மதி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஒன்பதாம் மாதம் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டோம். அன்றைக்குச் சந்தனம் பூசியதால் ஹெல்மெட் மாட்டவில்லை, நாள் முழுக்க வெறும் தலையோடு திரிந்தாள். மறுநாள் மாட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஈர முடி இல்லாததால் வாடை பாதியாகக் குறைந்துவிட்டது, வேர்க்குருவும் அடங்கியது. ஆனால் முடி போனதில் ஹெல்மெட் கொஞ்சம் தளர்ந்து சுழல ஆரம்பித்தது, அதற்கு உள்ளே பேட் ஒட்ட மறுபடியும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ஹெல்மெட் போடுவது என்று முடிவு செய்துவிட்டால், வேண்டுதல் மொட்டையை அளவெடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் மாதக் கணக்கு பார்ப்பார்கள்தான். ஒற்றைப்படை மாதம் வேண்டுமென்றால் ஐந்தாம் மாதமும் ஒற்றைப்படைதானே.

சரி, நியாயமாகப் பேச வேண்டும். அளவெடுத்த டெக்னீஷியன் தன் வேலையில் கெட்டிக்காரர். மெஷினில் தேய்த்துவிட்டு, விளிம்பை உள்ளங்கையில் உரசிப் பார்த்து, காதோரத்தில் ஒரு பிசிறு இல்லாமல்தான் தருவார். 13 மில்லிமீட்டர் 5 ஆகக் குறைந்தது. காது மட்டும் ஒரு துளி முன்னால் நிற்கிறது, அது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். கொடுத்த வாக்கை அந்தப் பொருள் காப்பாற்றியது.

ஆனால் அது ஹெல்மெட்டால்தானா? 2014இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியானது. தட்டைத் தலையோடு இருந்த 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹெல்மெட் போட்டார்கள், மறுபாதியை அப்படியே வளரவிட்டார்கள். இரண்டு வயதில் அளந்தபோது முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஹெல்மெட் போட்ட வீடுகளில் 76 சதவீதம் பேர் வாடை பற்றிச் சொன்னார்கள், 71 சதவீதம் பேர் வியர்வை பற்றி. குழந்தையை அணைத்துக் கொஞ்ச முடியவில்லை என்று சொன்னவர்கள் 77 சதவீதம். நெதர்லாந்திலேயே அப்படி என்றால் எங்கள் கடலூர்க் கெடிலக் கரையில் எப்படி இருக்கும்?

அந்த ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தீர்ப்பு எழுதவும் முடியாது. கழுத்துத் தசை இறுக்கம் உள்ளவர்களையும் குறைமாதத்தில் பிறந்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை. என் பெண் அந்த இரண்டிலும் வருகிறவள். 2016இல் அமெரிக்காவின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அமைப்பு ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதலும், மற்ற வழிகளைச் செய்து பார்த்தும் குறையாத நடுத்தர, கடுமையான தட்டைக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. அதனால் நாங்கள் போட்டதற்குக் காரணம் இருந்தது. தட்டை மூளையை அழுத்துவதில்லை, இது பெரும்பாலும் தோற்றம் சம்பந்தப்பட்டது என்பதையும் அன்றைக்கே எங்கள் குழந்தை மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். தட்டைக்குப் பயந்து குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள். தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவதைத் தடுக்கத்தான் 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குப்புறத் தூங்க வைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த மரணங்கள் பாதியாகக் குறைந்தன, தட்டைத் தலை கூடியது. தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் குப்புற, அவ்வளவுதான். நடுவில் குழி வைத்த தலையணைகளை வாங்கவே வேண்டாம், மூச்சடைக்கும் ஆபத்து இருப்பதால் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2022இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது.

இப்போது மதிப்பெண். வேலை செய்தது, அளவு சொல்கிறது, என் பெண் தலை உருண்டை. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் போட என் கை வரவில்லை. இந்த ஊர் வெயிலில் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றார்கள். ஐந்து மாதம் அந்த வாடையோடு படுத்து எழுந்தது நானும் என் குழந்தையும்.

சித்தி பெண்ணுக்கு: இப்போதைக்கு வேண்டாம். உன் பையனுக்குக் கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது, அளவும் எங்களுடையதில் பாதிதான் என்கிறாய். விற்கிற இடத்தில் கேட்காதே, குழந்தை மருத்துவரிடம் காட்டு. ஒரு மாதம் பிசியோதெரபி பார்த்துவிட்டுத் திரும்ப அள. குறையாமல் நின்றால், போடத்தான் வேண்டும் என்று அவரும் சொன்னால், துளை வைத்த மாடல் கேள், அளவெடுக்கும் முன் மொட்டை போடு, பணம் கட்டும் முன் உன் வீட்டுக் கரண்ட் நிலவரத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார். எங்கள் பழைய ஹெல்மெட்டைக் கேட்டாயே, அது உன் பையனுக்கு ஆகாது. என் பெண்ணின் புடைப்புக்கும் தட்டைக்கும் அளந்து செய்தது, வேறு தலையில் மாட்டினால் இடம் விட வேண்டிய இடத்தில் அழுத்தும்.