கோத்தகிரியில் ஐந்து வாரம்: தங்கையின் சிகிச்சைக்காக ஒரு பயணம்

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ இல்லை. தங்கையை நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஐந்து வாரம் லீவு போட்டுக்கொண்டு போனேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலிருக்கும் தம்பியையோ தங்கையையோ நினைத்துத் தூக்கம் இல்லாமல் கிடப்பவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை முதலில் படித்ததும் அவள்தான், இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னாள்.

அவளுக்கு 26 வயது. அப்பா போனபோது ஏழு வயது. நான் அப்போது ஹாஸ்டலில். அம்மா விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார், பாட்டிதான் அவளை வளர்த்தார். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு ‘அழுத்தக்காரி’ என்று பெயர். வளர்ந்த பிறகு ‘வாய்க்கொழுப்பு’, ‘திமிர்’ என்றார்கள். ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர்மேல் உயிரையே வைப்பாள். அதே ஆள் ஒரு நாள் போனை எடுக்கவில்லை என்றால் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். கத்துவாள், நம்பரை பிளாக் செய்வாள். இரண்டு மணி நேரம் கழித்து மன்னிப்புக் கேட்டு அழுவாள். அதற்கும் பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து தன்னையே காயப்படுத்திக்கொள்வாள். நாலு வருடத்தில் ஐந்து வேலை மாறிவிட்டாள்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. கீழே சமவெளியில் இரண்டு தனியார் இடங்களில் காட்டினோம். ஒரு இடத்தில் மனச்சோர்வு என்றார்கள், இன்னொரு இடத்தில் பைபோலார், அதாவது மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. நான் போனபோது தினமும் நாலு மாத்திரை போட்டுக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணி வரை தூங்கிக்கொண்டிருந்தாள்.

பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோவையிலிருந்து வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் இ-பாஸை மறக்க வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது தேவைப்படுகிறது. நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கு வேண்டாம்.

முதலில் போனது ஊட்டி அரசு மருத்துவமனைக்கு. நான் பள்ளியில் படித்த காலத்தில் பெரிய வியாதி என்றால் கோவைக்கு இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. இப்போது ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, ஓபி சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம்தான். ஆனால் அந்த இளம் டாக்டர் தங்கையிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“கோபமோ அழுகையோ வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்மா?”

“மத்தியானம் வரைக்கும் இருக்கும் சார். சில நாள் ஒரு மணி நேரத்துல போயிரும்.”

“சும்மா இருக்கும்போது வருமா, யாராவது ஏதாவது சொன்னா வருமா?”

“யாராவது என்னை விட்டுட்டுப் போயிருவாங்கன்னு தோணுச்சுன்னா வரும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். பைபோலாரில் மனநிலை மாறினால் பெரும்பாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், இவளுக்கு மணிக்கணக்கில் மாறுகிறது, அதுவும் உறவுகளை ஒட்டியே மாறுகிறது என்றார். இரண்டையும் குழப்பிக்கொள்வது உலகம் முழுவதும் நடப்பதுதானாம். அடுத்த முறை வரச் சொல்லி, பள்ளிக் காலத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பெயர் சொன்னார்: பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன என்று அம்மாவுக்கு அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. குணம் எல்லோருக்கும் உண்டு. ஒருவர் சந்தேகப்படுவார், ஒருவர் கூச்சப்படுவார், ஒருவருக்கு எல்லாம் நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் குணம் வளரும் வயதிலிருந்தே வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகிப்போய், அவரையோ கூட இருப்பவரையோ வாழவிடாமல் செய்தால்தான் கோளாறு என்று பெயர்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பத்து வகை இருக்கிறது, அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். யாரையும் நம்ப முடியாத சந்தேகம், யாரோடும் ஒட்டாத தனிமை, மற்றவர்களுக்கு விசித்திரமாகப் படும் எண்ணங்கள் ஆகியவை ஒரு கூட்டம். உணர்ச்சி கொந்தளிக்கும் வகைகள் இன்னொன்று. பார்டர்லைன் அதில்தான் வருகிறது. தன்னைப் பற்றிய மிகையான பெருமிதம், கவனத்தை ஈர்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தவிப்பு, பிறர் உரிமையை மதிக்காத போக்கு ஆகியவையும் அதில்தான். மூன்றாவது பயத்தின் கூட்டம்: அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்குவது, யாரையாவது சார்ந்தே இருப்பது, ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய வகைப்பாட்டில் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்றுதான் பார்க்கிறார்கள். பார்டர்லைனை மட்டும் ஒரு கூடுதல் குறிப்பாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று வகை கலந்திருப்பது சகஜம் என்பதால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

அம்மா உடனே, “அப்போ இவ அப்பாவுக்கும் இதுதானுங்களா?” என்று கேட்டார். “நான் பார்க்காத ஆளுக்குப் பேர் வைக்கக் கூடாதும்மா, நீங்களும் வைக்காதீங்க” என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அம்மா கேட்டதுதான் அவர் மனதில் வருடக்கணக்காக இருந்த கேள்வி. “நான் வளர்த்தது சரியில்லையா சார்? வேலைக்குப் போகாம இருந்திருக்கணுமா?”

டாக்டர் அவசரப்படாமல் பதில் சொன்னார். உணர்ச்சி சட்டென்று ஏறி, மெதுவாக இறங்கும் தன்மையோடு சிலர் பிறக்கிறார்கள், மரபுக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. சிறு வயது இழப்பு, அடி, பாலியல் தொந்தரவு, ‘இதுக்கெல்லாமா அழுவே’ என்று உணர்வை ஒதுக்கித் தள்ளும் சூழல் ஆகியவை அதோடு சேரும்போது வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அப்படி வளர்ந்த எல்லோருக்கும் இது வருவதில்லை. எந்தக் கொடுமையும் காணாத வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம். “நீங்க வேலைக்குப் போனதாலதான் பிள்ளைங்க சாப்பிட்டுச்சு” என்று முடித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஐயாயிரம் மைல் வரலாம் என்று தோன்றியது எனக்கு.

மாத்திரை விஷயம். பார்டர்லைனுக்கென்று தனி மருந்து எதுவும் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்கென்று மருந்து தர வேண்டாம் என்றே சொல்கிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ வேறு நோய்க்கோ கொடுக்கலாம். தங்கைக்கு நாலு மாத்திரையைப் படிப்படியாக ஒன்றாக்கினார். நாமே திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னார்.

சிகிச்சை என்பது பேச்சுதான். அதுவும் வாராவாரம், மாதக்கணக்கில், ஒரே ஆளிடம். மலையில் இதுதான் கஷ்டம். மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்கி வந்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், பேச்சை அப்படி வைக்க முடியாது. தமிழில் பேசுகிற, இந்தப் பயிற்சி உள்ள உளவியலாளர் எங்களுக்குக் கோவையில்தான் கிடைத்தார். ஐம்பது நிமிட செஷனுக்காக மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால் மாதத்தில் இரண்டு வாரம் நேரில், மற்ற இரண்டு வாரம் வீடியோவில் என்று பேசி முடித்தோம். செஷனுக்கு 1,200 ரூபாய், அதை நான் கட்டுகிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஏமாந்தோம். போர்டில் கவுன்சலர் என்று இருந்தது. பன்னிரண்டு செஷனுக்கும் முன்பணம் கட்டச் சொன்னார்கள், பாசிட்டிவாக நினை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கோவையில் சொல்லித்தருவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி என்று சொல்லப்படும் பேச்சு சிகிச்சை முறை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கியது. தானும் இளம் வயதில் இதே மாதிரி துன்பப்பட்டு மருத்துவமனையில் கிடந்தவள் என்பதை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கேட்டதும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, “அவங்களுக்குமா?” என்றாள். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது உடம்பை முதலில் அமைதிப்படுத்துவது, வந்த உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, சண்டை போடாமல் வேண்டியதைக் கேட்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்குகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைத்தால் இதயத் துடிப்பு குறையும் என்பதும் அதில் ஒன்று. ஜனவரி மாதத்துக் கோத்தகிரியில் தண்ணீரைத் தனியாகக் குளிர வைக்க வேண்டியதில்லை. பின்கட்டு வாளியே போதும்.

தினமும் மனநிலையையும் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதலையும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டு எழுத வேண்டும். அச்சடித்த தாள் கொடுத்தார்கள், தங்கைக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவிடம் கொழுந்துக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு உண்டு: தேதி, கிலோ, தேதி, கிலோ என்று பக்கம் பக்கமாக, பச்சைக் கறை படிந்து இருக்கும். அதே மாதிரி ஒரு நோட்டை ஜான்சன் சதுக்கத்தில் வாங்கிக்கொண்டாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவார்கள். அம்மா கிலோ எழுதுவார், இவள் எண் எழுதுவாள்.

இரவில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது? 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அம்மா போனில் ‘பேசுற டாக்டர்’ என்று பதிந்து வைத்திருக்கிறேன். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் எங்கள் வீட்டில் இருந்தது. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பயந்துகொண்டு யாரும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

நான் கிளம்ப வேண்டிய வாரம்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அன்றிலிருந்து தங்கை என்னோடு பேசவில்லை. இரண்டாவது நாள் ராத்திரி, “நீயும் போறவதானே, எதுக்கு வந்தே?” என்று தட்டைத் தள்ளிவிட்டாள். முன்பென்றால் நானும் கத்தியிருப்பேன். உளவியலாளர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது: முதலில் அவள் உணர்வு நியாயம்தான் என்று சொல்லுங்கள், சமாதானமெல்லாம் அப்புறம். “ஆமா, நான் போறது உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பின்கட்டுக்குப் போனாள். வாளிச் சத்தம் கேட்டது. முகமெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்து, “எப்போ போன் பண்ணுவே, கரெக்டா சொல்லு” என்றாள். ஞாயிறு இரவு ஏழு மணி, இந்திய நேரம் என்று சொன்னேன். நடக்காத எதையும் சொல்லக் கூடாது என்பதால் தினமும் என்று சொல்லவில்லை.

பத்து வருடத்துக்கும் மேலாக நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் அடங்கிவிட்டன என்று ஊட்டி டாக்டர் சொன்னார். வேலையும் உறவுகளும் நிலைபெற இன்னும் நாள் பிடிக்குமாம். சரி, நாங்கள் காத்திருக்கிறோம்.

போன ஞாயிறு ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நோட்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். செவ்வாய் 4. புதன் 2. வியாழன் 3, பக்கத்தில் சின்னதாக ‘மழை, பஸ் வரல, வீடியோல பேசினேன்’. வெள்ளி 1. படத்தின் ஓரத்தில் அம்மாவின் நோட்டும் கொஞ்சம் தெரிந்தது: வெள்ளி, 31 கிலோ.