6,800 ராண்ட் போச்சு: பைக் சீட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆற அமர எழுதும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் நம்மவர்கள் இன்னும் நாலு பேர் பைக் சீட் தைக்கும் அந்த ஆளிடம் பைக்கைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன்னால் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும். போனது 6,800 ராண்ட். அதோடு பைக்கோடு வந்த பழைய சீட்டும் போச்சு. பணத்தைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

என் வண்டி சுசுகி வீ-ஸ்ட்ராம் 650. இருபது லிட்டர் டேங்க். நிரப்பினால் 400 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். ஆனால் கம்பெனி சீட்டில் 150 கிலோமீட்டர் தாண்டினால் என்னால் உட்கார முடியவில்லை. முன்பக்கம் சரிவாக இருக்கிறது, ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கிக்கொண்டு டேங்க்கில் போய் இடிக்கிறேன். பின்னால் உட்காரும் மனைவிக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. இந்தத் தீபாவளிக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இருவரும் பைக்கிலேயே போவதாக முடிவு செய்திருந்தோம். என்3 சாலையில் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். அதற்குத்தான் நல்ல சீட் தேடினேன். வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வரவழைத்தால் கப்பல் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து கையைச் சுட்டது.

பழசு புதுசு எல்லாம் விற்கும் ஒரு இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். நகரத்தின் தெற்குப் பக்கம், வீட்டு கராஜில் சீட் தைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறை. போன் செய்தபோது ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன், என் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினான். "வணக்கம் அண்ணா, சனிக்கிழமை வாங்க." நான் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். இந்த ஊரில் முப்பது வயதுக்காரன் ஒருவன் வாயிலிருந்து தடுமாறாத தமிழ் வருவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். மனசு அங்கேயே இளகிவிட்டது.

நாங்கள் போனது புரட்டாசி முதல் சனிக்கிழமை. கராஜ் மூலையில் பெருமாள் படம், முன்னால் விளக்கு, கற்பூர வாசனை. என்னைப் பைக்கில் ஏறி உட்காரச் சொன்னான். பக்கவாட்டில் நின்று படம் எடுத்தான். கால் உயரம் அளந்தான், எடை கேட்டான் (94 கிலோ). மனைவியையும் பின்னால் உட்காரவைத்து, "அக்கா, எந்த இடத்துல வலிக்குது?" என்று கேட்டான். இதுவரை எந்தக் கடைக்காரனும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அவன் சொன்னது எல்லாமே சரியான விஷயம். அதுதான் இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. நாம் உட்காரும்போது எடையில் பெரும்பகுதி இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெத்து மெத்தென்று இருக்கும் ஃபோம் கடையில் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அமுங்கிப்போய் எலும்பு சீட்டின் பிளாஸ்டிக் அடித்தட்டில் முட்டும். நீண்ட பயணத்துக்கு அடர்த்தியான, கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் வேண்டும். பின்பக்கம் அகலமாக இருந்து தொடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். சீட்டின் முன்முனை ஒடுக்கமாக இருந்தால்தான் கால் தரையை எட்டும். எலும்பு படும் இடத்தில் தையல் வரவே கூடாது. வரி வரியாக எல்லாவற்றையும் ஒப்பித்தான். "ஒரே துண்டா அடர்த்தி ஃபோம் போடுறேன் அண்ணா. நாலு வருஷம் அசையாது. புரட்டாசி மாசத்துல விளக்குக்கு முன்னால நின்னு பொய் சொல்வேனா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நம் வீடுகளில் புரட்டாசி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். ரசீது கேட்கவில்லை. என்ன ஃபோம், எத்தனை நாள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வாங்கவில்லை. 3,400 ராண்டை அங்கேயே நின்று வங்கியில் போட்டேன். "பழைய சீட்டோட அடித்தட்டு வேணும், விட்டுட்டுப் போங்க" என்றான். வேறு அடித்தட்டு கிடைக்காதா என்று மனைவி கேட்டாள். அளவு மாறிவிடும் என்றான். அவள் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மச்சானின் பிக்கப்பில் பைக்கை ஏற்றிக்கொண்டு வீடு வந்தோம்.

பத்து நாள் என்றது பத்தொன்பது நாள் ஆனது. போய்ப் பார்த்தால் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு ரெக்ஸின், சாம்பல் நிற நூல் தையல். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், மெத்தை மாதிரி இருந்தது. அவன் வாயாலேயே சொன்ன எச்சரிக்கை அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. மீதி 3,400-ஐயும் கொடுத்தேன். ஆக மொத்தம் 6,800.

போன சனிக்கிழமை, லெனேசியா போவதற்கு முன்னால், அதே சாலையில் பாதி வழியில் இருக்கும் ஹாரிஸ்மித் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டும்போதே எனக்கு உட்காரும் இடம் கூச ஆரம்பித்தது. மோய் ரிவர் வருவதற்குள் தொடை மரத்துப்போச்சு. அங்கே ஒரு தூறல். அரை மணி நேரம்கூட இல்லை. அந்தத் தண்ணீர் தையல் வழியாக இறங்கி ஃபோமை நனைத்து, உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். தையல் ஓடுவது சரியாக எலும்பு படும் இடத்தில். எஸ்ட்கோர்ட்டில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியதும் மனைவியால் காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், கண்ணில் தண்ணீர். ஹாரிஸ்மித் ஆசையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். வழி முழுக்க என் ஜாக்கெட்டை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

ராத்திரியே சீட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்ஸினை உரித்தேன். ஒரே துண்டு ஃபோம் என்று சொன்னானே, உள்ளே நாலு துண்டு. கம்பெனி ஃபோமைக் கத்தியால் தாறுமாறாகச் சீவி, அதன்மேல் சோபாவுக்குப் போடும் மஞ்சள் பஞ்சை ஒட்டியிருக்கிறான். பின்சீட் பக்கம் இருந்தது பழைய மெத்தையிலிருந்து வெட்டிய துண்டு; அதன் ஓரத்தில் மெத்தைத் துணியின் பூப்போட்ட கிழிசல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டுகள் சேரும் இடத்தில் பசை காய்ந்து விரல் தடிமனுக்கு வரப்பாகக் கெட்டித்துக் கிடந்தது. கட்டை விரலால் நடுவில் அழுத்தினேன், நேராக பிளாஸ்டிக் தட்டில் போய் நின்றது. இதற்குத்தான் 6,800.

ஞாயிறு காலை போன் செய்தேன். "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க அண்ணா, பழகிடும்." ஃபோம் ஓட ஓட இளகுமே தவிர இறுகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே இவன்தான். மதியம் உள்ளே எடுத்த படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கட்கிழமை, "தைக்கிற பையன் ஊர்ல இல்ல." செவ்வாய், "உங்க எடைக்கு எந்த சீட்டும் தாங்காது." என் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டுதானே காசு வாங்கினான்! புதன்கிழமை தமிழே நின்றுபோச்சு. ஆங்கிலத்தில் ஒரு செய்தி: அளவெடுத்துச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது, நீங்களே பிரித்துவிட்டதால் உத்தரவாதமும் கிடையாது. அத்தோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அந்த இணையச் சந்தைக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரப் பலகை மட்டும்தான், வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி வந்தது. விளம்பரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அவன் சொல்லும் சட்டம் பாதிதான் உண்மை. இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அளவெடுத்துச் செய்த பொருளுக்குப் பொருந்தாது. அது சரி. ஆனால் நான் மனம் மாறிப்போய்த் திருப்பிக் கொடுக்கவில்லை, பொருளே குறையுள்ளது. 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்வார். இதை நான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால், ரெக்ஸினை உரிப்பதற்கு முன்னால் இன்னொரு தையல்காரரைச் சாட்சிக்கு வைத்துப் பிரித்திருப்பேன்.

சீட் தேர்ந்தெடுப்பது பற்றி விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். பழைய பைக் உடைக்கும் இடத்தில் வேறொரு சீட் வாங்கி, அதன் அடித்தட்டைக் கொடுங்கள். ரெக்ஸின் மூடுவதற்கு முன்னால் போய் ஃபோமைக் கையால் அழுத்திப் பாருங்கள். மூடவிட்டால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகுதான் மீதி என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் கார்டில் கட்டுங்கள். வங்கியில் நேராகப் போட்ட பணத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும் பாடு.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரையுள்ள தொகைக்கு வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். அதற்கு முன்னால் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். நேற்று ராத்திரி கடிதத்தை எழுதி முடித்தேன். 6,800 ராண்டும், என் சீட்டை வெட்டியதற்கு நஷ்ட ஈடும் கேட்டிருக்கிறேன். நாளைக் காலை மச்சானைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, அந்த கராஜ் வாசலில் போய் அவன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். பைக் சீட் இல்லாமல் முற்றத்தில் நிற்கிறது. லெனேசியாவுக்கு இரண்டு பஸ் டிக்கெட் வாங்கியாச்சு.