கில்காரி: நல்ல குரல், தப்பான தேதி

தில்லியில் குடியேறிய தோழி கேட்டாள்: "வாரா வாரம் இந்தியில ஒரு டாக்டரம்மா போன் பண்ணிப் பேசுறாங்களே, வச்சுக்கவா, நிறுத்திடவா?" அவளுக்கு அனுப்பிய பதில்தான் இது, கொஞ்சம் நீட்டி.

கில்காரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் போனில் யோசனை சொல்லும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சேவை, 2016இல் தொடங்கியது. 2019 முதல் நடத்துவது ஆர்மான் என்ற மும்பைத் தொண்டு நிறுவனம். கர்ப்பத்தின் 4ஆம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை 72 அழைப்புகள். காசு கிடையாது; நெட், ஆப் எதுவும் வேண்டாம், பட்டன் போனே போதும்.

'டாக்டர் அனிதா' குரலுக்கு முழு மார்க். ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் போதும். தேன், 'குட்டி' என்று வடக்கே பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் நாட்டு மருந்து, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது, 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று மருமகள் சொன்னால் அந்த வீட்டில் எடுபடாது. போனில் ஒரு டாக்டரம்மா சொன்னால் மாமியார் காதிலும் விழும், கணவன் காதிலும் விழும்.

எரிச்சல் வருவது தேதியில். அழைப்புகள் எல்லாம் கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்து ஓடுபவை. பிரசவத் தேதியை ஏஎன்எம் (அரசு சுகாதாரச் செவிலியர்) ஆர்சிஎச் போர்ட்டல் என்ற அரசின் தாய்-சேய் இணையப் பதிவேட்டில் ஏற்றினால்தான் குழந்தைக்கான வரிசைக்கு மாறும். தாய்வீட்டுக்குப் போய் வேறு மாநிலத்தில் பெற்றாலோ, தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலோ அந்தத் தகவல் ஏஎன்எம்முக்கு உடனே போய்ச் சேராது. 35ஆம் வாரத்தில் குழந்தை பிறந்துவிட்டிருக்கும். போனில் இன்னும் இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். தாய்ப்பால் யோசனை நேரம் தவறினால் எதற்கு? முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 3ஆம் நாளையொட்டி மார்பு கல்லாகக் கட்டும்போது அடிக்கடி கொடுப்பது, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை என்பது, இதெல்லாம் அந்தந்த நாளில் காதில் விழ வேண்டும். ஐந்து வாரம் கழித்துக் கேட்கும்போது வீட்டில் பவுடர் டப்பா திறந்தாகியிருக்கும்.

தேதி சரியாக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான், சுமார் இரண்டு நிமிடம். ஆர்மானின் சொந்தச் சேவையான எம்மித்ராவில் பிரசவம் ஆன முதல் வாரம் தினமும் அழைப்பு உண்டு. அந்த ஏற்பாட்டை இங்கேயும் வைத்திருந்தால் இவ்வளவு புலம்பவேண்டி வந்திருக்காது.

செய்யவேண்டியது இது. தாய்-சேய் அட்டையில் உள்ள ஆர்சிஎச் எண்ணையும் மாதவிலக்குத் தேதியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரசவமான அன்றே ஆஷாவிடம் (உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம்) சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா வீட்டுக்கு வரவேண்டும், 3ஆம் நாள் வரும்போது "போர்ட்டலில் ஏறியதா?" என்று கேளுங்கள். சிம் மாற்றினால் புது எண்ணையும் பதிய வேண்டும். அழைக்கும் எண்ணைப் பெயரோடு சேமியுங்கள். இல்லையென்றால் லோன் விற்கிற கால் என்று கட் செய்துவிடுவார்கள். தொடர்ந்து எடுக்காத எண் பட்டியலிலிருந்தே போய்விடும். தவறவிட்டதைக் கேட்க 14423.

மத்தியப் பிரதேசத்தில் 4 மாவட்டங்களில் 5,000 பெண்களுக்கு மேல் வைத்து நடந்த கில்காரி ஆய்வில், கருத்தடைச் சாதனப் பயன்பாடு கொஞ்சம் கூடியது. தாய்ப்பால் பழக்கத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பால் குடிப்பது குழந்தை மார்பைக் கவ்வும் பிடிப்பு சம்பந்தப்பட்டது, காதால் கேட்டு வராது. வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடங்கி, கருவட்டம் குழந்தையின் வாய்க்கு மேல்பக்கம் அதிகமாகத் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு, வலி, பால் வராது, குழந்தை அழும், "உனக்குப் பால் பத்தலை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பத்துகிறதா என்று பார்க்க, 5ஆம் நாளுக்குப் பிறகு நாளுக்கு 6 முறையாவது ஒண்ணுக்குப் போகிறதா என்று எண்ணுங்கள். பிடிப்பைக் கண்ணால் பார்க்க, குளோபல் ஹெல்த் மீடியா புராஜெக்ட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வீடியோக்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தாய்ப்பாலுக்கு மட்டும் பார்த்தால் 5க்கு 2. நிறுத்தாதே என்றுதான் அவளுக்குச் சொன்னேன். மாமியார் அடுத்த மாதம் கான்பூரிலிருந்து வருகிறாராம்.