பாஸ்டன் ஷேக்கரா, காப்ளர் ஷேக்கரா?

பார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஷேக்கர் என்பது காக்டெய்லை ஐஸோடு குலுக்கிக் கலக்கும் குவளை. பாஸ்டன், ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு குவளைகள். காப்ளர், குவளை, மூடி, அதன்மேல் சிறு தொப்பி என மூன்று பாகம்.

செலவு: காப்ளரின் மூடியிலேயே வடிகட்டி உண்டு. பாஸ்டனுக்கு ஹாதார்ன் என்னும் சுருள்கம்பி வைத்த வடிகட்டியைத் தனியாக வாங்க வேண்டும்.

நீடித்து உழைப்பது: இரண்டு பாதியும் எஃகாக இருந்தால் பாஸ்டன் கீழே விழுந்தாலும் நெளியுமே தவிர உடையாது. கண்ணாடி வைத்த வகை வேண்டாம்.

வேகம்: இங்கேதான் பாஸ்டன் ஜெயிக்கிறது. ஐஸோடு குலுக்கியதும் உலோகம் குளிர்ந்து சுருங்கும். காப்ளர் மூடி இறுகிக்கொண்டு லேசில் கழலாது. பாஸ்டனில், இரண்டு டின்னும் ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு, போதும். வாய் அகலம் என்பதால் கழுவுவதும் சுலபம்.

ஜப்பானிய பார்டெண்டர்கள் பலர் காப்ளரையே விரும்புகிறார்கள். நிதானமான கைக்கு அது அருமையான கருவி.

வீட்டில் இரண்டு பேருக்குக் கலக்கக் காப்ளர். வார இறுதிக் கூட்டத்தைச் சமாளிக்க, யோசிக்காமல் பாஸ்டன்.